மொட்டைமாடி இல்லாத ஊரில் வடகம்

வீட்டுப் பக்குவம் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு மூலையில் போட்டிருந்தார். ஒரு மூலைக்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. பாதிப் பேர் சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே மாதம் ஒரு சனிக்கிழமை நாங்கள் நடத்தும் பயிற்சிக்கு வந்தவர்கள். மீதிப் பேர் வேறெங்கோ கற்றுக்கொண்டு வீட்டில் செய்து பார்த்துக் கெடுத்தவர்கள். கெடுத்தவர்களுக்குத்தான் முதலில் பதில். ஒழுங்காக வந்தவர்களுக்கு என் தயவு தேவையில்லை.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: 28 வருடம் உணவுத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சாஸில் புளிப்பு சரியா, கிருமி உண்டா என்று பார்ப்பது வேலை. அதனால் "பாட்டி சொன்னது" என்று யாராவது ஆரம்பித்தால் என் கை தானாகப் புளிப்பை அளக்கும் பிஎச் தாளைத் தேடும்.

கேள்வி: அக்கா, உங்கள் பயிற்சியில் கூழ் வடகம் பிழியக் கற்றுக்கொண்டேன். வீட்டில் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் அடியில் பச்சையாகப் பூசணம். கும்பகோணத்தில் என் மாமியார் இரண்டே நாளில் காயவைத்து டின்னில் போட்டுவிடுவார். அவரிடம் சொன்னால் "உனக்குக் கை ராசி இல்லை" என்கிறார். (பொங்கோல் வாசகி)

பதில்: கை ராசி கிடக்கட்டும். எந்த மாதம் போட்டீர்கள் என்று எழுதவில்லையே? கடிதம் ஜனவரி முதல் வாரம் வந்திருக்கிறது. ஆகவே டிசம்பரில் போட்டிருக்கிறீர்கள். குற்றம் அதுதான், மற்றதெல்லாம் சில்லறை.

உங்கள் மாமியார் வடகம் போடுவது பங்குனி, சித்திரை வெயிலில். மேலே வெயில், கீழே சுடுகிற மொட்டைமாடித் தரை, நடுவில் பழைய வேட்டி. இரண்டு பக்கமும் வேகும். நமக்கு டிசம்பரும் ஜனவரி முதல் பாதியும் வடகிழக்குப் பருவமழை. மழையில்லாத நாளிலும் ராத்திரியில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொட்டுவிடும். பகல் முழுக்கக் காய்ந்த வடகத்தை ராத்திரி அடுக்களை மேடையில் விட்டால், விட்ட ஈரத்தைக் காற்றிலிருந்து திரும்பக் குடித்துக்கொள்ளும். மூன்று நாள் இந்தக் கயிறிழுப்பு நடந்தால் ஜெயிப்பது பூசணம்தான். அதற்கும் மாமியார் மருமகளுக்கும் சம்பந்தமே இல்லை.

நானும் பட்டவள்தான். ஓய்வு பெற்ற புதிதில் 11ஆம் மாடித் தாழ்வாரத்தில் இரண்டு முக்காலி போட்டு, மேலே மூங்கில் தட்டில் வடகத்தைப் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ஏழெட்டு மைனா. விரட்டினால் எதிரே துணி காயப்போடும் கம்பில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, நான் எப்போது உள்ளே போவேன் என்று பார்க்கின்றன. மறுநாள் கொசுவலைத் துணியால் மூடினேன். அன்று பார்த்து மழை, நானோ தேக்கா சந்தையில். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு முன்னறையில் விசிறிக்குக் கீழே வைத்துவிட்டார். நான் போய் வாங்குவதற்குள் ஒன்றரை நாள் ஆகிவிட்டது. அந்த வருடம் நான் போட்டதில் முழுசாகக் காய்ந்தது அந்த ஒரு தட்டுதான். வெயிலே படாமல்!

அதிலிருந்து என் முறை இது. பிப்ரவரி, மார்ச்சில் மட்டும் போடுவேன். பிப்ரவரிதான் இங்கே மழை குறைந்த மாதம். முறுக்கு அச்சில் பெரிய கண் தட்டு வேண்டாம், ஓமப்பொடிக் கண்ணைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தால் போதும். ஊரில் தடியாகப் பிழியலாம். இங்கே தடியாகப் பிழிந்தால் தோல் காய்ந்து நடு ஈரமாகவே நிற்கும். வேட்டியிலும் பிழிய வேண்டாம், துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பேக்கிங் தாளில் பிழிந்து, அரை நாளில் மேல்பக்கம் இறுகியதும் உரித்துக் கவிழ்த்துக் கம்பி வலைத் தட்டுக்கு மாற்றுங்கள். பகலில் வெயில் இருந்தால் வெயில், இல்லாவிட்டால் விசிறி.

ராத்திரிதான் முக்கியம். ஏர்கான் போட்டுத் தூங்கும் அறை இருந்தால் தட்டை அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஏர்கான் குழாயில் சொட்டுகிறதே, அது அறைக் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த ஈரம். ஏர்கான் இல்லையா? ஃபிரிட்ஜில் மூடாமல் வையுங்கள். மூடாமல் விட்ட சோறு மறுநாள் விறைத்துக் கிடக்குமே, அதே வேலை வடகத்துக்கும் நடக்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் வடகத் தட்டா என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். என்னுடையவர் ஒரு வாரம் முணுமுணுத்தார். முதல் ஈடு பொரித்து வைத்ததும் நின்றுவிட்டது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும் என்பார்கள். எனக்கு அது போதாது. சமையல் தராசில் தட்டோடு நிறுத்து எழுதிவைப்பேன். இரண்டு நாள் ஒரே நேரத்தில் நிறுத்து எடை அசையாமல் நின்றால் டின்னில் போடலாம். குறைந்துகொண்டே வந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

பூசணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டுப் பொரிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருந்திருக்கும். வேண்டாம். சில பூசணங்கள் விடும் நஞ்சு எண்ணெய்ச் சூட்டிலும் போகாது. மொத்தத்தையும் கொட்டுங்கள். அப்புறம், தட்டைத் தாழ்வாரத்துச் சுவர் மேல் மட்டும் வைக்காதீர்கள். காற்றடித்தால் வடகம் போனால் போகிறது, கீழே நடப்பவர் தலை என்ன ஆவது?

சுமத்ராவில் காடு எரிந்து புகைமூட்டம் வந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். 2013 ஜூனில் காற்று மாசுக் குறியீடு 401 வரை போனதே, அந்த வாரம் என் அம்மா மோர்மிளகாய் காயவைத்திருந்தார். பொரித்தபோது வீடு முழுக்க சுமத்ராக் காட்டு வாசனை. அம்மா ஒன்றுமே நடக்காததுபோல் தயிர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார்.

கேள்வி: அக்கா, நான் கோயம்புத்தூர்ப் பையன், இங்கே நண்பர்களோடு வாடகைக்கு இருக்கிறேன். வீடியோ பார்த்து, இரவு பத்து மணிக்கு இட்லி மாவு அரைத்து வைத்தேன். காலை ஏழரைக்குப் பார்த்தால் அலமாரி முழுக்க வழிந்து, வாயில் வைக்க முடியாத புளிப்பு. அளவு சரிதான், நாலுக்கு ஒன்று. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: தம்பி, அளவில் தப்பில்லை, கடிகாரத்தில்தான் தப்பு. "இரவு முழுக்க" என்று வீடியோவில் சொல்பவர் மார்கழிக் குளிரில் உட்கார்ந்து சொல்கிறார். இங்கே நடுராத்திரியிலும் அடுக்களை 28, 29 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆறு மணி நேரம் தாராளம். மிக்சியில் அரைத்திருந்தால் மாவே சூடாக இறங்கியிருக்கும், இன்னும் சீக்கிரம் பொங்கும். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். வேலை முடிந்து வந்து ராத்திரியில் அரைப்பதைவிட ஞாயிறு காலை பசியாறிவிட்டு அரைத்து வைத்தால், மத்தியானம் கண்ணெதிரே பொங்கும். இரண்டு மடங்கானதும் ஃபிரிட்ஜில் தள்ளிவிடலாம். பாத்திரத்தில் பாதி காலியாக இருக்கட்டும்.

கையால் கரைத்தால்தான் பொங்கும் என்பார்கள். பொங்கவைக்கும் பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடுமே வந்துவிடுகிறது, உங்கள் கையை நம்பி அது இல்லை. கையால் கரைக்க ஆசையாக இருந்தால் கரையுங்கள், கழுவிவிட்டு. புளித்த மாவைக் கொட்டாதீர்கள். வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கிப் போட்டு ஊத்தப்பமாக ஊற்றுங்கள். நண்பர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி: சகோதரி, ஒரு பயிற்சியில் பழத்தோல் என்ஸைம் செய்யக் கற்றுத் தந்தார்கள். ஒரு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். கண்ணாடி ஜாடியில் போட்டு இறுக்கி மூடினேன். இரண்டாம் வாரம் நள்ளிரவில் வெடித்தது. கூரைவரை அன்னாசித் தோல். தரை துடைக்கலாம், மூட்டுவலிக்குத் தடவலாம், ஓசோனையும் காக்கும் என்றார்கள். தொடரலாமா? என் மனைவி கூடாது என்கிறார். (தோ பாயோ வாசகர்)

பதில்: ஐயா, கண்ணாடித் துண்டு யார் காலிலும் ஏறவில்லை என்று நம்புகிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். சர்க்கரையை ஈஸ்ட் தின்று சாராயமும் கரியமில வாயுவுமாக மாற்றும். அந்த வாயுதான் உங்கள் ஜாடியை உடைத்தது. அதன்பின் வேறு பாக்டீரியா வந்து சாராயத்தைக் காடியாக்கும், அதாவது வினிகராக்கும். மூன்று மாதம் கழித்து உங்கள் கையில் இருக்கப்போவது பழவாசனை உள்ள இளங்காடி. என்ஸைம் என்ற பெயர்தான் பெரிதே தவிர, வேலை செய்வதெல்லாம் அந்தப் புளிப்புதான்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ சர்க்கரை, மூன்று கிலோ தோல். கழிப்பறை கழுவ ஒரு கிலோ சர்க்கரை வாங்குவது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு புட்டி வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்தால் அதே வேலை. ஆனால் காப்பிக்கடை, பழக்கடை வைத்திருந்து தோல் மலையாகக் குவிகிறவர்களுக்கு இது நல்ல வழிதான், அதை மறுக்கவில்லை.

விடமாட்டேன் என்றால்: பிளாஸ்டிக் புட்டி, கால் பாகம் காலி, முதல் மாதம் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியே விட வேண்டும். தொட்டி, கழிப்பறை, அடுக்களைப் பிசுக்குக்குச் சரி. மார்பிள் தரையில் ஊற்றாதீர்கள், புளிப்பு பளபளப்பைத் தின்றுவிடும். பிளீச்சோடு ஒருக்காலும் சேர்க்காதீர்கள். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் கழிப்பறையில் மூச்சு அடைத்துவிடும். அந்தப் பயிற்சியில் சொல்லியிருக்க வேண்டியது இது. அதை விட்டுவிட்டு ஓசோனுக்குப் போய்விட்டார்கள். மூட்டுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் மனைவி சொல்வதையும் கேளுங்கள்.

கேள்வி: ஆண்ட்டி, தாழ்வாரத்தில் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியைப் பச்சைப் புழு மொட்டையடித்துவிடுகிறது. போதாததற்கு நகர மன்றத்திலிருந்து தொட்டியை எடுக்கச் சொல்லி நோட்டீஸ். (அங் மோ கியோ வாசகி)

பதில்: புழுவைக் கொல்வதற்கு முன் ஒரு நிமிடம். சின்னதில் பறவை எச்சம்போல் கறுப்பு வெள்ளையாக இருந்து, பெரிதானதும் பச்சையாகி, தொட்டால் தலையிலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் அடிக்கிறதா? அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு, அல்லது அதன் சொந்தக்காரப் புழு. எலுமிச்சைக் குடும்பத்து இலைதான் அதற்குச் சாப்பாடு, கறிவேப்பிலையும் அந்தக் குடும்பம்தான். மருந்து அடித்தால் ரசத்தில் நீங்கள்தான் அதைக் குடிப்பீர்கள். கையால் எடுத்து விடுங்கள். நான் ஒரு பழைய செடியை அவற்றுக்கே நேர்ந்துவிட்டேன். புது வீடு வாங்கிக் கொடுத்ததுபோல் எல்லாவற்றையும் அங்கே குடியேற்றுகிறேன். பேரனுக்கு நல்ல வேடிக்கை.

நோட்டீஸ் விஷயத்தில் நகர மன்றத்தின் பக்கம்தான் நான். தீ பிடித்தால் ஆள் ஓட, தூக்குப் படுக்கை போக, தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும். அளந்து பாருங்கள். அதற்குள் வந்தால் தொட்டியைச் சுவரோரம் நகர்த்துங்கள், அடித்தட்டை எடுத்துவிடுங்கள், தண்ணீர் நின்றால் ஏடிஸ் கொசு. இடமே இல்லையென்றால் பக்கத்துச் சமூகத் தோட்டத்தில் கேளுங்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டம், இப்போது எல்லாப் பேட்டையிலும் தோட்டம் இருக்கிறது. போகும்போது ஒரு வாழைக்கன்றோ வல்லாரையோ கையில் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

கேள்வி: கஞ்சி வைக்கவும் பொடி இடிக்கவும் கற்றுக்கொடுக்க ஒருவருக்கு 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்குகிறார்கள். என் அம்மா யாருக்கும் காசு கொடுத்துக் கற்கவில்லை. இது ஊரை ஏமாற்றுவது இல்லையா? (ஹவ்காங் வாசகர்)

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம்.

நான் பிறந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். அப்பா கிடங்கில் கூலி வேலை. எங்கள் வரிசைக்கு ஒரே ஆட்டுக்கல். சனிக்கிழமை சாயங்காலம் முறை வைத்து அரைப்பார்கள். ஆறு வயதில் என் வேலை, குழவி சுற்றும்போது மாவைக் குழிக்குள் தள்ளிவிடுவது. ஒரு சுற்றுத் தவறினால் விரல் நசுங்கும், அம்மாவின் கை என் முதுகில் விழும். மாவு பதம் வந்துவிட்டது என்பது சத்தத்தில் தெரியும். கரகரவென்று இருந்தது மெத்தென்று ஆகிவிடும். அதை யாரும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் காதில் ஏறியது. உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் ஏறியிருக்கும். காசு கொடுக்கவில்லைதான், ஆனால் பத்து வருடம் கொடுத்திருக்கிறார்.

1971இல் பிரிட்டிஷ் படை போனது. அதற்கப்புறம் மெல்ல மெல்ல வரிசைகள் கலைந்தன. நாங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது ஆட்டுக்கல் கூட வரவில்லை. அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும், கீழ்வீட்டுக்காரர் தூங்கவும் வேண்டும். முருங்கை மரத்தடியில் விட்டுவிட்டு வந்தோம். பக்கத்தில் உட்கார இடம் இல்லாமல் போனபிறகு, நேரம் குறித்து நாற்காலி போட்டுத்தானே கற்றுத்தர வேண்டியிருக்கிறது? சமூக மன்றத்தில் அறை, அடுப்பு, சாமான், கற்றுத்தருபவரின் நேரம் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. எங்களுடையது புளோக்குக்குக் கீழே, சாமான் செலவுக்கு 5 வெள்ளி, அதுவும் உளுந்து விலையைப் பார்த்து நடுங்கிக்கொண்டே.

உங்கள் கோபத்தின் மற்ற பாதி எங்கே நியாயம் என்றால்: 35 வெள்ளி வாங்கிவிட்டு, எல்லாவற்றையும் முன்கூட்டியே அளந்து கிண்ணத்தில் வைத்து, வந்தவரைக் கிளற மட்டும் விட்டு, படம் எடுத்து அனுப்புகிறார்களே, அதற்கு. மாவைத் தொடவிடாத பயிற்சிக்குப் போகாதீர்கள். பதிவு செய்யும் முன் "நானே அரைப்பேனா?" என்று கேளுங்கள்.

கேள்வி: அக்கா, பயிற்சியில் கற்ற பூண்டு ஊறுகாயை நண்பர்கள் எல்லாரும் புகழ்கிறார்கள். வீட்டிலிருந்தே விற்கலாம் என்று நினைக்கிறேன். உரிமம் வேண்டுமா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: வீட்டிலிருந்து சிறிய அளவில் சமைத்து விற்கச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் வீவக விதிகள் உண்டு. அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் செய்ய வேண்டும், வெளியாளை வேலைக்கு வைக்கக் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது, மணமும் சத்தமும் ஆள் நடமாட்டமும் அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது. உரிமம் வேண்டாம் என்பதற்காக, சாப்பிட்டவர் வயிற்றுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று ஆகிவிடாது.

சரி, ஊறுகாய். எலுமிச்சை ஊறுகாய் விற்கப்போகிறேன் என்று எழுதியிருந்தால் இந்தப் பதில் நாலு வரியில் முடிந்திருக்கும். பூண்டு என்றதும் என் பழைய வேலை எழுந்து உட்கார்ந்துவிட்டது. எலுமிச்சையில் புளிப்பு உடம்பிலேயே இருக்கிறது. பூண்டில் இல்லை. பூண்டு மண்ணில் விளைவது, மண்ணில் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்து உண்டு. காற்றே படாத இடத்தில், புளிப்பு குறைவான இடத்தில் அது நஞ்சு உண்டாக்கும். நல்லெண்ணெய் மேலே ஒரு விரல் நிற்கட்டும் என்கிறோமே, அந்த எண்ணெய் பூசணத்தைத் தடுக்கும். கூடவே காற்றையும் தடுத்து இதற்கு வசதி செய்து கொடுத்துவிடும். நிறம், மணம் எதிலும் மாற்றம் தெரியாது.

பிஎச் 4.6க்குக் கீழே இருந்தால் அது வளராது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). நான் 4க்குக் கீழே வைப்பேன். புளிக்கரைசலும் எலுமிச்சைச் சாறும் அந்த அளவுக்குப் போக வேண்டும், வெறும் ருசிக்கு அல்ல. இன்னொன்று: தொக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புளிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். புளிப்பு பூண்டுப் பல்லின் நடுவரை இறங்கச் சில நாள் ஆகும். ஒரு பல்லை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, இரண்டாக வகுந்து, நடுவை நசுக்கிப் பாருங்கள். மிளகாய்ச் சிவப்பில் தாளின் நிறம் தெரியாது, அதனால் சின்ன பிஎச் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூண்டை முழுசாகப் போடாமல் நறுக்கிப் போட்டால் புளிப்பு சீக்கிரம் இறங்கும். நடுவின் பிஎச் 4க்குக் கீழே வரும்வரை ஃபிரிட்ஜ். அதற்கப்புறமும் ஃபிரிட்ஜ்தான், விற்பதாக இருந்தால். செய்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள்.

பயமுறுத்திவிட்டேனா? முதலில் இட்லிப் பொடி விற்றுப் பாருங்கள். அதில் தண்ணீரே கிடையாது, ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: வீவக வீட்டில் மக்கு உரம் போட முடியுமா? போட்டேன், நாறுகிறது. (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: முடியும். நாற்றம் என்றால் ஈரம் அதிகம். காய்த்தோல் ஒரு பங்குக்குக் காய்ந்தது இரண்டு பங்கு போட வேண்டும்: கிழித்த முட்டை அட்டை, செய்தித்தாள், காய்ந்த இலை. தேங்காய் நார் இன்னும் நல்லது, தேக்காவில் தேங்காய் உரிக்கும் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். மீதிக் குழம்பு, மீன் தலை, எண்ணெய் எதுவும் கூடாது. நான் ஒருமுறை அரை சட்டிக் கருவாட்டுக் குழம்பைக் கொட்டிவிட்டு ஊருக்குப் போய்வந்தேன். கதவைத் திறந்த என் மகன் அப்படியே லிஃப்டுக்குத் திரும்பிப் போய்விட்டான்.

ஏன் இந்தப் பாடு என்று அவன் கேட்பான். குப்பைத் துவாரத்தில் போடுவதெல்லாம் எரிஆலைக்குப் போய், சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் திறந்தது, நமக்கு இருக்கும் ஒரே குப்பை நிலம், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். நனைந்த காய்த்தோலை எரிப்பது ஈர விறகை ஊதுவதுபோல்தான். அதோடு 2023 ஜூலையிலிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு. குப்பை கட்ட ஓசிப் பை கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் கழிவு குறைந்ததற்கு என் உபதேசத்தைவிட அந்த 5 காசுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன்.

கேள்வி: மண்சட்டியை இண்டக்ஷன் அடுப்பில் வைக்கலாமா? (செங்காங் வாசகி)

பதில்: வைக்கலாம். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். சூடாகாது.

கேள்வி: கம்பங்கூழ் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடுமா? (பிடோக் வாசகர்)

பதில்: போகாது. கம்பும் மாவுச்சத்துதான், வெள்ளைச் சோற்றைவிட நார் அதிகம், அவ்வளவே. சோற்றுக்குப் பதிலாக ஒரு கிண்ணம் குடியுங்கள், சோற்றோடு சேர்த்து இரண்டு கிண்ணம் அல்ல. மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அம்மா, நான் மன்னார்குடிப் பக்கம். இங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு லீவு. உங்கள் பயிற்சி சனிக்கிழமை என்று போட்டிருந்தது. எங்களை மாதிரி ஆட்கள் வரலாமா? சேர்த்துக்கொள்வீர்களா? (பெயரும் இடமும் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "எங்களை மாதிரி ஆட்கள்" என்ற வார்த்தையை எடுத்துவிடும்மா. போன வருடம் மணத்தக்காளி வற்றல் பயிற்சியில், மோரில் எத்தனை நாள் போட வேண்டும் என்று நானும் இன்னொரு அக்காவும் அரைமணி நேரம் வாதாடினோம். ஓரத்தில் முதலாளியம்மாவின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நின்ற பெண், "ராத்திரி மோரில் போடுங்க, பகல்ல எடுத்துக் காயவைங்க, மோர் தீருகிறவரை" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்தாள். அதோடு வாதம் முடிந்தது.

அடுத்த மாதப் பயிற்சியை இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாற்றிவிட்டேன். உங்கள் லீவு அந்த ஞாயிறு இல்லையென்றால் ஆசிரியருக்கு ஒரு வரி போடுங்கள், நாளை நகர்த்திக்கொள்ளலாம். 5 வெள்ளி வேண்டாம். மூடி உள்ள டப்பா ஒன்று மட்டும் கொண்டுவாருங்கள். எல்லாருக்கும் மாவு கொடுத்தனுப்பி என் வீட்டு டப்பா அத்தனையும் போய்விட்டது, ஒருவரும் திருப்பித் தரவில்லை.